‘ங்க’வுக்காக மறுக்கப்பட்ட விசா

என் கணவர் வெளிநாட்டுக்காரர். கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலைக்கு இயந்திரம் பூட்ட வந்தவர், மூன்று வருடம் இருந்துவிட்டார். நான் துடியலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆலையில் வேலை செய்பவர்களிடம் தமிழ் கற்றதால் அவர் எங்கள் ஊர்த் தமிழ்தான் பேசுவார். வழியில் படுத்திருக்கும் நாயிடம்கூட “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்பார். அதைக் கேட்டபிறகுதான் என் அம்மா கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

கல்யாணமாகி எட்டாம் மாதம் அவருடைய தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கணவர் உடனே தன் நாட்டுக்குக் கிளம்பிப் போனார். நான் பின்னால் போவதாக ஏற்பாடு. மனைவிக்கான விசாவுக்கு விண்ணப்பித்தேன். உறவு உண்மையானது என்பதற்கு ஆதாரமாக, நாங்கள் இருவரும் செல்போனில் அனுப்பிக்கொண்ட செய்திகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார்கள்.

கோட்டைமேட்டில் ஒரு பாய் இருந்தார். நீதிமன்றங்களுக்குப் பத்திரங்களை மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவர். ஓர் எழுத்தையும் விடமாட்டார் என்று பெயர். விடவும் இல்லை. நான் எழுதிய ஒவ்வொரு ‘ங்க’வுக்கும் ஒரு ‘சார்’ போட்டார். கணவர் எனக்கு எழுதிய ‘ங்க’வெல்லாம் ‘மேடம்’ ஆனது. ‘சாப்பிட்டீங்களாங்க’ என்ற என் கேள்வி ‘சாப்பிட்டீர்களா சார், சார்’ என்று ஆங்கிலத்தில் நின்றது. பள்ளியில் தேர்வு நேரம். நான் படித்துப் பார்க்காமலேயே அனுப்பிவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சார், மேடம் என்று வருவதால், இது முதலாளிக்கும் பணியாளருக்கும் இடையிலான தொடர்பாகவே தெரிகிறதாம். மாமியார் மருமகனை ‘கண்’ என்று அழைப்பதற்கும் விளக்கம் இல்லையாம். அம்மா தினமும் என் செல்போனிலிருந்தே அவருக்கு ‘சாப்பிட்டியா கண்ணு’ என்று அனுப்புவார்.

ஆசிரியர் அறையில் அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அடுத்த வகுப்பில் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டைப் பாதி எழுதியபோது கண்ணில் நீர் முட்டியது. அன்று மாலை கணவருக்குப் போன் செய்தேன். அவரும் கடிதத்தைப் படித்திருந்தார். “இப்ப என்னங்க பண்றதுங்க” என்றார். எங்களுக்கு அதைத் தவிர வேறு விதமாகப் பேசத் தெரியவில்லை.

மேல்முறையீடு செய்தோம். விஷயம் தெரிந்ததும் பாய் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தப்பு என்னுதுங்க அம்மணி. மரியாதைய மரியாதையாவே எழுதிப்போட்டேன். ஜட்ஜ் கிட்ட நானே வந்து சொல்லிப்போடறேன்.”

விசாரணை காணொளியில் நடந்தது. மடிக்கணினிக்கு முன்னால் நான், பக்கத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பாய், பின்னால் அம்மா. திரையில் நீதிபதியம்மா ஒரு கட்டத்தில், கணவர் இன்னொரு கட்டத்தில். பாய் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டி, கடைக்காரர், கண்டக்டர் எல்லோருக்கும் ‘ங்க’ உண்டு, அது இல்லாவிட்டால்தான் ஏதோ கோளாறு என்றார். நீதிபதியம்மா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, அப்படியானால் இந்தத் தம்பதி ‘ங்க’ இல்லாமல் பேசிக்கொண்டதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்.

பாய் என் பக்கம் திரும்பினார்.

“ஊட்டுக்காரருகூட சண்டையே போட்டதில்லீங்களா அம்மணி?”

“போட்டிருக்கேனுங்க. அதையெல்லாம் எப்படீங்க குடுக்கறது?”

“அதத்தானுங்க கேக்கறாங்க.”

ஆதாரமாகக் கொடுத்ததில் சண்டைகளை எல்லாம் நானே கவனமாக நீக்கியிருந்தேன். இப்போது அவற்றைத் தேடி எடுத்தேன். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் மழையில் என்னை ஒன்றரை மணி நேரம் காக்கவைத்த நாளில் எழுதியது முதலில் வந்தது. ‘எங்கடா போய்த் தொலைஞ்ச’ என்று தொடங்கி, மேலே மேலே ஏறியது. பாய் ஓர் எழுத்தையும் விடாமல் நிதானமாக மொழிபெயர்த்தார். கணவர் திரையில் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதியம்மா மட்டும் ஒரு வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் மூலத்தைப் பாய் முதலில் தமிழில் உரக்கப் படித்திருந்தார். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. இவ்வளவு கோபம் கணவன் மனைவிக்கு நடுவில் மட்டுமே வரக்கூடியது என்று அதில் எழுதியிருந்தார்கள். விசா கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாமியார் கோலூன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். அவர் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் நான் பக்கத்தில் இல்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால்தான் விட மனமில்லை. என்னைப் போல மறுக்கப்பட்ட சிலருடன் சேர்ந்து அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தோம். மறுப்பதற்கு முன் தம்பதியரை நேரில் விசாரியுங்கள், உள்ளூர்ப் பேச்சு தெரிந்தவரிடம் கேளுங்கள் என்று இரண்டே கோரிக்கைகள். இரண்டாண்டு கழித்து, விண்ணப்பத்தில் ஒரு புதிய கட்டம் சேர்த்தார்கள்: ‘உங்கள் துணையை எப்படி அழைப்பீர்கள்?’

அதை நிரப்ப முதலில் என்னிடம் உதவி கேட்டவர் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி. அவர் மனைவி அந்த நாட்டுக்காரர். எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

“கூப்பிடறதெல்லாம் இல்லீங்க. ஒருக்கா செருமுவேன், வந்துருவாங்க.”

உண்மையை எழுதுவதே நல்லது என்று ‘செருமல்’ என்றே எழுதினோம். பத்து நாளில், அவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது.