நீலமாகத் தெரிந்த கூரைகள்

அரசி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் டெக்சாஸ் பிளானோவில் இந்தியக் கடை வாசலில் கறிவேப்பிலைக் கட்டோடு நின்றிருந்தேன். நியூஜெர்சியில் பிஸ்கட்டவே ஊர் வீட்டில், தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவர் மகள் கயல் எழுதியிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ‘இனி அது யாருக்கும் தெரியாது’ என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை ஜூம் அஞ்சலியில் அக்காவின் உறவும் நட்புமான நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். எங்கள் பழைய மேலதிகாரி பாசமாகத்தான் பேசினார். “இத்தனை வருஷத்தில் அரசி ஒரே ஒரு தடவைதான் ரிப்போர்ட்டைத் தாமதமாக அனுப்பினார், அந்தத் தீவு விஷயத்தில். அவரும் மனுஷிதானே” என்றார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர்கள். நான் மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். நியூஜெர்சியில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கட்டடப் பொறியாளர். கரீபியன் தீவு எதையாவது சூறாவளி புரட்டிப்போட்டால், வீடு வீடாக ஏறிப் பார்த்துச் சேதத்தைக் குறித்து அனுப்புவது அவர் வேலை. நான் அதே நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, ஒவ்வொரு கூரையின் நிலையையும் பதிய வேண்டும். அக்காவின் பையில் புளிக்காய்ச்சல் பாட்டில் எப்போதும் இருக்கும். எந்த வீட்டில் சோறு போட்டாலும் அதைப் பிசைந்து, அவர்களுக்கும் ஓர் உருண்டை கொடுப்பார். “கூரையக் கீழ நின்னு பாக்கணும் தம்பி. மேலருந்து பாத்தா எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும்” என்பார். நான் சிரித்துக்கொண்டே, “நீங்க கீழ பாருங்கக்கா, நான் ஏசில உக்காந்து மேலருந்து பாக்கறேன்” என்பேன்.

அந்த வருடச் சூறாவளி தீவின் மலைச்சரிவில் ஒரு தெருவையே மொட்டையாக்கிவிட்டது. அங்கே தகரக் கூரைகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணம் பூசுவார்கள். அந்தத் தெருவில் எந்தெந்த வீட்டுக்குக் கூரை இல்லை என்ற பட்டியலை அக்கா எனக்கு மெயிலில் அனுப்பினார். அது தீபாவளி விழா வாரம். பள்ளி அரங்கத்தில் நான்தான் தொகுப்பாளர். புது குர்தா, ஒத்திகை, ஒரே அமர்க்களம். மெயிலைத் திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை மாலை கெடு. படத்தில் வரிசையாக நீலம் தெரிந்தது. ‘புதுக் கூரை, சரிசெய்யப்பட்டது’ என்று தெரு முழுவதற்கும் பதிந்துவிட்டு விழாவுக்கு ஓடினேன்.

நான் கடலூர்க்காரன். புயலுக்குப் புயல் அப்பா ஓட்டின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டுவார்; மாதக்கணக்கில் அதன் கீழ்தான் படிப்போம், தூங்குவோம். அப்படி வளர்ந்த தடியனுக்கு நீலத் தார்ப்பாய் கூரையாகத் தெரிந்தது.

தெருக்கோடியில் டெல்ஃபின் என்ற தையல்காரர் வீடு. ‘உங்கள் கூரை சரியாகிவிட்டது, காப்பீட்டுக் கோரிக்கை முடிக்கப்படுகிறது’ என்ற கடிதத்தை அவர் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து படித்திருக்கிறார். அடுத்த மழையில் தையல் மிஷின்கள் துருப்பிடித்தன. பிள்ளைகள் இருவரையும் ஃப்ளோரிடாவில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அழுதார். அலுவலகத்தில் விசாரணை வந்தது.

கூட்டத்துக்குப் போகும் முன்பு, அன்று காலையில்தான் அந்த மெயிலைத் திறந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன். யார் பதிந்தது என்று கேட்டார்கள். “நான்தான். ஆனால் களப்பட்டியல் தாமதமாகத்தான் வந்தது” என்றேன். வாய் தவறி வந்த பொய் இல்லை, யோசித்துச் சொன்ன பொய். எதிரே அக்கா லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். மெயில் போன தேதியை அந்த நிமிடமே காட்டியிருக்கலாம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லேப்டாப்பை மூடிவிட்டு, “ஆமாம், தாமதமாகிவிட்டது” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அதன்பின் அவரைத் தீவுகளுக்கு அனுப்பவில்லை. நிறுவனம் கோரிக்கைகளை மறுபடி எடுத்தது. ஆனால் அந்தத் தெருவுக்குப் போன மன்னிப்புக் கடிதத்திலும் களப்பொறியாளரின் தாமதம் என்றே எழுதியது. அன்றிலிருந்து அக்காவின் போனை டெல்ஃபின் எடுக்கவில்லை.

பிளானோவுக்குக் குடிபெயரும் முன் அக்கா வீட்டுக்குப் போனேன். “அக்கா, அன்னிக்கு மீட்டிங்ல...” என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான் மெயிலக் காட்டிருந்தா ஒன் வேலை போயிருக்கும், அதோட விசாவும். அறுபது நாள்ல நாட்ட விட்டுக் கெளம்புன்னா, கைக்கொழந்தையத் தூக்கிட்டு எங்கடா போவ?”

“ஸாரிக்கா.”

“எங்கிட்ட எதுக்கு ஸாரி? கூரை என்னோடதா? டெல்ஃபினுக்கு எழுது. க்ரீன் கார்டு வந்தப்புறமாவது எழுதிடு, என்ன?”

க்ரீன் கார்டு வந்தது. சிட்டிசன்ஷிப்பும் வந்தது. போன வருடம் ஆலங்கட்டி மழையில் எங்கள் வீட்டுக் கூரை நாசமானது. ஒரே வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். புதுக் கூரை வந்துவிட்டது. ‘நல்லாப் பாருங்க’ என்று அவருக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கும் டெல்ஃபினுக்கு எழுதவில்லை. வெட்கம் கெட்டவன் என்று என்னைச் சொல்ல வேறு ஆள் வேண்டியதில்லை.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்த மெயிலின் அச்சுப் பிரதி ஒன்றுதான். மேலே தேதி இருக்கிறது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு. பட்டியலுக்குக் கீழே எழுதியிருக்கிறார்: “நீலத்த நம்பாத தம்பி. எல்லாம் தார்ப்பாய். டெல்ஃபின் வீட்ல சாப்டுட்டு எழுதறேன், தலைக்கு மேல படபடன்னு அடிக்குது.”

நேற்று போனில் கயலுக்கு அதைப் படித்துக் காட்டினேன். “அம்மா தப்புப் பண்ணிட்டாங்கன்னுதான் நானும் நினைச்சிட்டிருந்தேன், அங்கிள்” என்றாள். பிறகு டெல்ஃபினின் முகவரியைத் தேடிக் கொடுத்தாள்.

இன்று காலை அந்தப் பிரதியையும் வைத்துக் கடிதம் அனுப்பிவிட்டேன். அந்த வீடு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. அரசி அக்கா தாமதிக்கவில்லை என்பது முதல் வரி. தாமதித்தவன் நான் என்று எழுதி, அடியில் என் முழுப்பெயரைப் போட்டிருக்கிறேன்.