ஈரக் கோட்டின் மணம்

பனிப்புயலில் மெட்ரோ நின்று, தொலைபேசியும் அணைந்துபோய், இருட்டிய பிறகே வந்து சேர்ந்த மகளின் கம்பளிக் கோட்டு ஹீட்டரில் காய்கிறது. அந்த ஈர மணம், ஜான்-டலோன் சந்தைக்கருகில் இப்போது மருந்துக்கடையாகிவிட்ட சின்னத் திரையரங்குக்கு என்னை இழுத்துப்போகிறது. அங்கே என் சிறுவயதுப் பனிக்கால ஞாயிறுகளில், ஈரக் கோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, நாவல்களிலிருந்து எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் பிரெஞ்சுப் படங்களின் கதையை, பிரெஞ்சு தெரியாத அப்பா என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு படத்தின் முடிவில் ஒரு சிறுமி பனியில் விழுந்து கிடந்தாள்.

“செத்துப்போட்டாளோ அப்பா?”

“இல்லை பிள்ளை, களைச்சுப்போய் நித்திரை கொள்ளுறாள். தாய் வந்து தூக்குவா.”

பள்ளியில் அந்த நாவலைப் படிக்கும்வரை நம்பியிருந்தேன்; நாவலில் அவள் எழும்பவேயில்லை.

சோபாவில் தூங்கும் மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

“இன்னும் பயமோ அம்மா?” கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்.

“இல்லை பிள்ளை,” என்கிறேன், அப்பாவின் அதே குரலில்.