நாக்குக்கு வராத ஓர் எழுத்து

போன சனிக்கிழமை என் தங்கை ரேவதி பள்ளுருத்தியிலிருந்து பஸ் ஏறி மட்டாஞ்சேரிக்கு என் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் மகன். மூன்றரை வயசு. பெயர் மகிழன்.

அந்தப் பெயரை வைக்க வீட்டில் ஒரு போராட்டமே நடந்தது. ரேவதியின் கணவர் சரவணன் தென்காசிக்காரர். கொச்சியில் கட்டட வேலைகளுக்கு சூப்பர்வைசர். பையன் பிறந்த அன்றைக்கே சொல்லிவிட்டார் — பெயரில் ‘ழ’ இருந்தே ஆக வேண்டும்!

“ஷ, ஜ, ஸ வெச்ச பேரு தெருவுக்கு நாலு இருக்கு மதினி. எம்பையனுக்கு அபூர்வமான எழுத்துதான் வேணும்.”

எழிலன், யாழன், நிகழன்... குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் மல்லுக்கட்டு. கடைசியில் மகிழன். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. மலையாளத்திலும் ழ உண்டே. அக்கம்பக்கத்துச் சேட்டன்மார்கூடத் திணறாமல் கூப்பிடுவார்கள். வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

நாலு மணி வாக்கில் மூன்று பேரும் பஜார் ரோட்டுக்குப் போனோம். ரேவதிக்கு ஜன்னல் திரைத் துணி வேண்டியிருந்தது. மட்டாஞ்சேரி பஜாரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோடு குறுகல். ஒரு லாரி நின்று மூட்டை இறக்கினால் ஆட்கள் சுவரோடு சுவராக ஒட்டித்தான் நடக்க வேண்டும். காயல் பக்கத்துக் குடோன்கள் பலவற்றுக்குப் பின்கதவு நேராகத் தண்ணீரைப் பார்த்துத்தான் இருக்கும்.

துணிக்கடை வாசலில் ரேவதியின் போன் அடித்தது. சரவணன்தான். “எங்க இருக்கீங்க? நானும் வர்றேன்.” பதில் சொல்ல அவள் மகனின் கையை விட்டாள். கடை உள்ளே நான் ஒரு துணியை விரித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, மகிழன் உங்கிட்டயா இருக்கான்?”

இல்லை.

முதலில் யாருமே பதறுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? மேஜைக்கு அடியில் பார்க்கிறோம். துணிக்கட்டுக்குப் பின்னால் பார்க்கிறோம். “டேய், விளையாடாதே, வா வெளியே” என்று சிரித்துக்கொண்டேகூடக் கூப்பிடுகிறோம். அந்தச் சிரிப்பு எந்த நொடியில் முகத்திலிருந்து விழுகிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

வெளியே ஓடி வந்தோம். மிளகு மூட்டை லாரி. இரண்டு ஆட்டோ. வழக்கம்போல் ரோட்டை மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள். பையன் இல்லை.

“மகிழா!” — ரேவதி கத்தினாள். ரோடே திரும்பிப் பார்த்தது.

கடைக்காரர்கள் இறங்கி வந்தார்கள். சட்டை என்ன கலர்? மஞ்சள். பெயர்? மகிழன். ஒருவர் திரும்பச் சொன்னார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் “மகிலன்... மகிலன்” என்று கூப்பிட்டுக்கொண்டே லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். யாரோ போலீசுக்குப் போன் செய்தார். நான் பக்கத்துக் குடோனுக்குள் ஓடினேன். பின்கதவு திறந்திருந்தது. படிக்குக் கீழே காயல்.

அந்தப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தேனே... அதைப் பற்றி எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

அதற்குள் சரவணன் வந்துவிட்டார். ரேவதியிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “நான் போட் ஜெட்டிப் பக்கம் பார்க்கறேன். நீங்க ரெண்டு பேரும் சந்து சந்தா பாருங்க” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

அப்போதுதான் எங்கோ சந்துக்கு அந்தப் பக்கமிருந்து பள்ளிவாசல் மைக் கரகரத்தது. மலையாளத்தில் அறிவிப்பு. பாதி காற்றில் போயிற்று. “...மாஹின் என்று பேர் சொல்லும் சின்னக் குழந்தை... இங்கே... வீட்டார் உடனே வரவும்...”

என் மனசில் என்ன தோன்றியது தெரியுமா? யாரோ மாஹினின் அம்மா கொடுத்து வைத்தவள். அவள் பிள்ளை கிடைத்துவிட்டான்.

பொறாமையோடு மைக் இருந்த திசைக்கு முதுகைக் காட்டி நடந்தேன். ரேவதியையும் இழுத்துக்கொண்டு.

ஒரு சந்து முடிந்தது. அடுத்த சந்து. ரேவதியின் குரல் கம்ம ஆரம்பித்துவிட்டது. “மகிழா... மகிழா...” ஒவ்வொரு தடவையும் அந்த ழ தொண்டையில் முள் மாதிரி மாட்டியது. ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. பிறகு, கத்தத் தெம்பில்லாமல், தூங்க வைக்கும்போது அவனோடு கொஞ்சிப் பேசுவாளே, அந்தக் குரலில் மெல்லக் கூப்பிட்டாள்.

“மகியா... டேய் மகியா...”

கூப்பிட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா... மைக்ல என்ன பேர் சொன்னாங்க?”

“மாஹின்னு ஏதோ...”

“அவனுக்கு ழ வராதுக்கா! மகியன்னுதான் சொல்லுவான்! மகியன்... மாஹின்... அக்கா, அது இவன்தான்!”

சொல்லி முடிக்கும் முன்பே ஓடிவிட்டாள். செருப்பு ஒன்று சந்திலேயே கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஓடும்போதே பயம் — ஒருவேளை அது நிஜமான மாஹினாக இருந்தால்? அங்கே போய்ப் பார்த்து, வேறு ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால்?

பள்ளிவாசலை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ் ரூம். வாசலில் நாலைந்து பேர். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில், பர்தா போட்ட ஒரு பெண். அவள் மடியில் மஞ்சள் சட்டை. அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தான். கன்னத்தில் பிஸ்கட் தூள்.

ரேவதி பாய்ந்து கை நீட்டினாள். அந்தப் பெண் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“நில்லுங்க. குட்டியோட பேரு என்ன?”

“மகிழன்.”

வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைக்கில் அறிவித்த பெரியவர் எங்களுக்காகத் தமிழுக்கு மாறினார். “அவன் மாஹின்னு சொன்னானே? நாங்க மூணு நாலு தடவை கேட்டோம். நீங்க வேற பேரு சொல்றீங்க.”

அவர் கேட்டதில் என்ன தப்பு? யாரோ ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடி வந்து வேறு ஏதோ பெயரைச் சொன்னால், தூங்குகிற குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் ரேவதிக்கு அதெல்லாம் புரிகிற நிலையா? போனில் படம் இருக்கிறது, காட்டலாம். அவசரமாக எடுத்ததில் போன் நழுவிக் கீழே விழுந்தது.

“அவனுக்கு ழ சொல்ல வராதுங்க...” என்று நான் ஆரம்பித்தேன். எவ்வளவு அபத்தமாக ஒலித்தது தெரியுமா? ஒரு குழந்தையைத் திருப்பி வாங்க நான் ஓர் எழுத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன் விழுந்த சத்தத்தில் அவன் கண் விழித்தான். அந்தப் பெண் குனிந்து கேட்டாள். “மோனே, நிண்டெ பேரெந்தா?”

“மகியன்” என்றான். நிமிர்ந்தான். “அம்மா...” என்று உதடு பிதுங்கியது.

அந்தப் பெண்ணின் கைகள் தானாகத் திறந்துகொண்டன.

ரேவதி அழுதது, நான் சரவணனுக்குப் போன் செய்தது, அவர் ஜெட்டியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து அந்த ரூமின் படியிலேயே உட்கார்ந்துவிட்டது எல்லாம் நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பையன் ஓர் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் போயிருக்கிறான். அது நாலு சந்து தாண்டிக் கூட்டிப்போய், பள்ளிவாசல் பக்கத்தில் அவனை விட்டுவிட்டு எங்கோ தாவிவிட்டது. அழுதுகொண்டு நின்றவனை அந்தப் பெரியவர்தான் உள்ளே அழைத்துப்போயிருக்கிறார்.

சரவணன் மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்றரை வருஷமாக ஒருவரையும் அந்தப் பெயரைத் தப்பாகச் சொல்ல விடாத மனுஷன். “மகியா... மகியா... அப்பா வந்துட்டேன்டா” என்றார்.

நான் அந்தப் பெண்ணிடம் நன்றி சொன்னேன். பெயர் ஷமீனா. இரண்டு தெரு தள்ளி வீடு. பள்ளிவாசலில் வேலை செய்பவரின் மனைவியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம்.

“பின்ன எப்படி இங்க வந்தீங்க?”

“எண்டெ மோன் பேரும் மாஹின்தான்” என்றாள். “ஒன்பது வயசு. ஃபுட்பால் விளையாடப் போயிருக்கான். மைக்ல சின்னக் குட்டின்னுதான் சொன்னாங்க, என் மகன் இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சா மட்டும்? பேரைக் கேட்டப்புறம் வீட்டுல கால் நிக்குமா? ஓடி வந்துட்டேன். வந்து பார்த்தா இவன் அழுதுட்டிருந்தான். மடியில போட்டுக்கிட்டேன்.”

அதே மைக்கை நானும்தான் கேட்டேன். தன் பிள்ளை இல்லை என்று தெரிந்தும் ஒருத்தி ஓடி வந்திருக்கிறாள். வேறு யார் பிள்ளையோ என்று நினைத்து நாங்கள் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறோம்.

பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம், எந்த எழுத்தில் வைக்கலாம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறோம். வையுங்கள், தாராளமாக வையுங்கள். ழ இருக்கட்டும், ஞ இருக்கட்டும், ஆய்த எழுத்தே இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயரை உங்கள் குழந்தை எப்படிச் சொல்கிறது என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்து போன இடத்தில் அவன் சொல்கிற பெயர்தான் பெயர்.

இப்போது ரேவதி வீட்டில் ஒரு புது அவசரம். அப்பாவின் போன் நம்பரை மகனுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பையனும் ஆர்வமாகத்தான் சொல்கிறான். ஒரே ஒரு சிக்கல்... அந்த நம்பர் ஆரம்பிப்பதே ஏழில்!