நாத்தனாரின் நாக்கு

கடிகாரக் கோபுரத்தைச் சுற்றியிருக்கும் ஹோட்டல்களில் ஒருமுறை சாப்பிட்டவர்கள் மறுமுறை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஹோட்டல்காரர்களுக்கும் அதில் வருத்தமில்லை. சுற்றுலா பஸ்கள் தினமும் புது ஆட்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும்போது, பழைய ஆள் திரும்பி வந்தால் என்ன, வராவிட்டால்தான் என்ன? வாசலில் ஆளுயரப் பலகை, பலகை முழுக்கப் பளபளக்கும் சாப்பாட்டுப் படங்கள். பக்கத்தில், கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒருவர். உள்ளே போனால் ஆறிப்போன சோறு.

அவள் முதலில் அந்த பஸ்களில் ஒன்றில்தான் மைக் பிடித்து வேலை பார்த்தாள். கோபுரம் எப்போது கட்டியது, யார் கட்டினார்கள் என்று ஒப்பிப்பாள். கீழே இறங்கும்போது யாராவது ஒருவர் கேட்பார்: “அதெல்லாம் இருக்கட்டும், நீங்க எங்கம்மா சாப்பிடுவீங்க?” அவள் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வருகிறவள். அதைச் சொல்ல வாய் வராமல் மழுப்புவாள். மழுப்பி மழுப்பி அவளுக்கே அலுத்துப்போய், ஒருநாள் பஸ் நிற்கும் நேரத்தில் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த சந்துகளில் நுழைந்தாள். அச்சகங்களும் பூட்டுக் கடைகளும் மரப்பட்டறைகளும் நெருக்கியடித்த சந்துகள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் வயிறு இருக்கிறதே, அவர்கள் எங்கேயோ சாப்பிடத்தானே செய்வார்கள் என்பதுதான் அவள் கணக்கு. கணக்கு தப்பவில்லை.

கொஞ்ச காலத்தில் பஸ் வேலையை விட்டாள். மதியத்துக்கு முன்னால் கோபுரத்தடியில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, சந்து சந்தாக நடத்திக் கூட்டிப்போய், ஒரு கடையில் சூப், ஒரு கடையில் பொரித்த மீன், இன்னொன்றில் சுடச்சுட ரொட்டி என்று சாப்பிடவைப்பது அவள் பிழைப்பானது. அவளுடைய மூலதனம் அவளுடைய மூக்குதான். சந்து முனையில் நின்று ஒரு மூச்சு இழுத்தால் போதும், “இன்னிக்கு இங்க எண்ணெய் பழசு, வாங்க அடுத்த கடைக்கு” என்று திருப்பிவிடுவாள். கடைக்காரர்கள் பாதி பயத்திலும் பாதி பிரியத்திலும் அவளுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் அந்தக் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் விட்ட மறுநாள் காலை அவள் அடுப்புப் பக்கத்தில் நின்று ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து நாத்தனார் கத்தினாள்: “அண்ணி! பால் தீயுது!” திரும்பிப் பார்த்தால் பாத்திரத்தின் அடி கருகிப் புகை எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு கை தூரத்தில் நின்றவளுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. சோப்பை முகர்ந்தாள், மிளகை முகர்ந்தாள், கணவருடைய வேலைச் சட்டையைக்கூட முகர்ந்து பார்த்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் நாற்றத்தில் அந்தச் சட்டை தனியாக நிற்கும். அதுவும் ஊமையாக இருந்தது. வாயில் உப்பும் இனிப்பும் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டன. மற்றபடி எதைத் தின்றாலும் ஈர அட்டையை மென்ற மாதிரி.

வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். கணவர், “கொஞ்ச நாள் வீட்ல இரேன்” என்றார்.

“எதுக்கு? கால் நல்லாத்தானே இருக்கு?” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

போன அன்றே அடி விழுந்தது. வழக்கமான மீன் கடை. எல்லாருக்கும் தட்டு வந்தது. அவளும் ஒரு துண்டை வாயில் போட்டு, பழக்க தோஷத்தில் தலையாட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் துப்பிவிட்டார். அவர் மனைவி தட்டை நகர்த்தினாள். “இது கெட்டுப்போயிருக்கும்மா. உங்களுக்குத் தெரியலையா?”

அவள் எழுந்து நின்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, அன்றைய நடையை அங்கேயே முடித்தாள். அவர்கள் போனபிறகு கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “பழைய சமையல்காரர் ஊரைவிட்டே போயிட்டார், அக்கா. புதுசா வந்தவன் மேல எனக்கே சந்தேகம்தான். ஆனா நீங்க வாசல்லயே மூக்கைச் சுளிப்பீங்களே! இன்னிக்கு ஒண்ணும் சொல்லலைன்னதும் எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுட்டேன்.”

அவளுக்கு மீனைவிட அந்தப் பேச்சுதான் உறைத்தது. இந்தச் சந்தே தன் மூக்கை நம்பி அடுப்பெரித்துக்கொண்டிருந்ததா? அப்படியானால் மற்ற கடைகள்? ஒவ்வொன்றாக மறுபடி பார்க்க வேண்டும். எதைக்கொண்டு பார்ப்பது?

இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாத்தனார் ஒரு வாய் வைத்தாள். “அண்ணி, பருப்பு அடி பிடிச்சிருக்கு. நீங்க கிண்டி மறைச்சிருக்கீங்க. வெங்காயம் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கணும். அப்புறம் இந்தத் தண்ணி குழாய்த் தண்ணி, ஃபில்டர் தண்ணி இல்ல.”

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் போன இடம் ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை வெளுத்து மடித்து அடுக்குகிற வேலை. நல்ல மனசு, உழைப்பாளி, ஆனால் நாக்கு மட்டும் வேறு ஜாதி. இத்தனை வருஷத்தில் அண்ணி சமைத்த எதையும் அவள் குறை சொல்லாமல் விழுங்கியதில்லை. அதனால் அந்த வீட்டில் எத்தனையோ நாள் பாத்திரங்கள் சத்தமாகக் கழுவப்பட்டிருக்கின்றன.

அன்றைக்கு அண்ணி பாத்திரத்தைத் தட்டவில்லை. நாத்தனாரையே உற்றுப் பார்த்தாள்.

“நாளைக்கு உனக்கு லீவுதானே? என்கூட வர்றியா?”

“எதுக்கு அண்ணி?”

“குறை சொல்ல.”

கணவர் புரையேறி இருமினார்.

மறுநாள் இருவரும் சந்துக்குள் இறங்கினார்கள். நாத்தனார் சூப்பை ஒரு கரண்டி குடித்துவிட்டு, “நேத்து வச்சது, இன்னிக்குச் சுட வச்சிருக்காங்க” என்றாள். ரொட்டிக் கடையில், “மாவு நல்ல மாவு. ஆனா கல்லைத் துடைக்கிறதே இல்ல.” கடைக்காரர் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தார். “என்னக்கா இது, இன்ஸ்பெக்டர் போய்க் கமிஷனரைக் கூட்டிட்டு வந்துட்டீங்க?” என்று கேட்டவர், அன்றே கல்லைத் தேய்க்க உட்கார்ந்தார். எல்லாரும் அப்படி இல்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் அவள் நம்பியிருந்த கடைகளில் பாதி கழன்று விழுந்தன.

“போதும் அண்ணி, இது வயிறா, தண்ணி டேங்கா?” என்று நாத்தனார் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னும் ஒரே ஒரு சந்து.”

“இதையேதான் போன சந்துலயும் சொன்னீங்க.”

லீவு நாளெல்லாம் இப்படியே போயிற்று. நாத்தனார் ருசி பார்க்கும்போது அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கழுவப் போகிற தட்டுகளில் என்ன மிஞ்சுகிறது, மேஜை துடைக்கிற துணி என்ன நிறத்தில் இருக்கிறது, கடைக்காரர் தன் கடைச் சாப்பாட்டையே சாப்பிடுகிறாரா, பக்கத்து ஹோட்டலுக்குப் போகிறாரா என்று பார்க்கப் பழகினாள். மூக்கு இருந்த காலத்தில் இதையெல்லாம் அவள் கவனித்ததே இல்லை.

குடை ரிப்பேர்க் கடைக்கு மேலே இருந்த அந்த மாடியை அப்படித்தான் கண்டுபிடித்தாள். மையப்பிய கைகளோடு அச்சக ஆட்கள் ஒரு குறுகலான படியில் அவசரமாக ஏறுவதும், இறங்கும்போது நிதானமாக இறங்குவதும் தெரிந்தது. மேலே பெயர்ப் பலகை இல்லாத ஒரு கூடம், இரண்டு நீள மேஜை, அடுப்படியில் ஒரு அம்மாளும் அவள் புருஷனும். நாத்தனார் பருப்பு சூப்பில் ரொட்டியைத் தோய்த்து வாயில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

“என்ன? உப்பு கூடவா?”

“பேசாதீங்க அண்ணி. சாப்பிடறேன்ல.”

கிண்ணத்தை வழித்துத் துடைத்துவிட்டு அவள் இன்னொரு கிண்ணம் கேட்டபோது அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ருசி தனக்குத் தெரியவில்லையே என்ற ஏக்கம் ஒரு பக்கம், கிடைத்துவிட்டது என்ற வெறி ஒரு பக்கம்.

ஆனால் தன் ஆட்களை இங்கே கூட்டிவரலாமா என்று கேட்டதும் மாடிக்கார அம்மாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். “என் ஆளுங்க அவசர அவசரமா சாப்பிட்டு மெஷினுக்கு ஓடணும். உங்க ஆளுங்க உட்கார்ந்து போட்டோ எடுத்துட்டிருப்பாங்க. அதுவரைக்கும் இவங்க படிக்கட்டுல நிக்கணுமா?”

நியாயமான கேள்வி. அவள் வாதாடவில்லை. திரும்பிப் போனாள், மறுவாரம் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்து படியில் உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் போய்ச் சொன்னாள்: “அச்சகத்து ஆளுங்க இறங்கினப்புறம் நீங்க ரெண்டு பேரும் சாப்பிட உட்கார்றீங்க. அந்த நேரத்துக்கு வர்றோம். நாங்களே எடுத்துப் போட்டுக்கறோம், கிண்ணத்தையும் நானே கழுவறேன். போட்டோ கிடையாது.”

“மிச்சம் இல்லைன்னா?”

“இறங்கிப் போயிடறோம்.”

அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவர், “விட மாட்டா போலிருக்கே” என்றார். அப்படித்தான் சம்மதம் கிடைத்தது.

இன்னொரு விஷயம் பாக்கியிருந்தது. “மூக்கு போனதை யார்கிட்டயும் சொல்லாதே, பிழைப்பு போயிடும்” என்றார் கணவர். அவள் கேட்கவில்லை. மறுநாள் கோபுரத்தடியில் கூடியவர்களிடம் நேராகவே சொன்னாள்: “எனக்கு வாசனை தெரியாது, ருசியும் சரியாத் தெரியாது. கடையைத் தேடிப் பிடிக்கிறது நான். ருசி பார்க்கிறது இவங்க, என் நாத்தனார். என் சமையலைக் குறை சொல்லியே இவங்க நாக்கு தீட்டி வச்ச கத்தியா இருக்கு.” சிரிப்பு எழுந்தது. ஒரு தம்பதி மட்டும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மெதுவாக விலகிப் போனார்கள். அவளுக்குச் சுருக்கென்றது. மிச்சப் பேரை எண்ணிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

நாத்தனார் சலவைக்கூடத்தில் பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் அவள் சந்துக்குள் ஒரு சுற்று போய், எந்தக் கடை இன்றைக்குத் தேறும் என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவாள். அண்ணி தனக்கு வந்த வருமானத்தில் பங்கு கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு வருஷம் போனபிறகு வாசனை துண்டு துண்டாக வந்தது. சோப்பு வந்தது, புகை வந்தது. காபி மட்டும் ரப்பர் எரிகிற மாதிரி வந்தது. இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். “சரி டாக்டர்” என்று சொல்லிவிட்டு அவள் அன்றைய நடைக்குக் கிளம்பினாள்.

போன வாரம் இருவரும் துறைமுகப் பக்கம் போனார்கள். அங்கேயும் இப்போது பஸ்கள் வர ஆரம்பித்திருக்கின்றன, ஆளுயரப் பலகைகளும் முளைத்துவிட்டன. நல்ல மழை. ஒரே குடையில் சந்து சந்தாக ஏறி இறங்கினார்கள். அன்று ஒரு கடைகூடத் தேறவில்லை. அடுத்த லீவுக்கு மறுபடி வருவது என்று பேசிக்கொண்டு, நனைந்த செருப்போடும் பசியோடும் வீட்டுக்கு பஸ் ஏறினார்கள்.