தொட்டிக்குள் ஒரு நீல விளக்கு

சிங்கவரம் போகும் வழியில் இருக்கும் எங்கள் கொல்லையில், மோட்டார் தண்ணீர் விழும் தொட்டிக்கு ‘ஸ்விம்மிங் பூல்’ என்று பெயர் வைத்தவள் என் மகள். சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு வந்தால் பகலெல்லாம் போனோடு படுத்திருப்பாள். பாறைகளின் சூடு தணிந்து பொழுது சாயும்போதுதான் குளிக்கத் தோன்றும். அதற்குள் இருட்டிவிடும். இந்த வருடம் தொட்டிக்குள் நீல விளக்கு வேண்டும் என்றாள்.

“நைனா நெனச்சா முடியாததா?” என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். என் வீட்டுக்காரர் கையைப் பாதி கழுவியும் கழுவாமலும் ஒயர் தேடக் கிளம்பிவிட்டார். சமையலறையில் ப்யூஸ் போன பல்பை மாற்றச் சொல்லி நான் பொங்கலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மோட்டார் கொட்டகைக்கு வருவது மூன்று பேஸ் மட்டும். கரண்ட்டு திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயர் கிடையாது. எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை. பல்பின் ஒரு ஒயரை பேஸில் கொடுத்து, இன்னொன்றை மண்ணில் அடித்த கம்பியிலோ இரும்புக் குழாயிலோ கட்டிவிடுவார்கள். எரியும். அவரும் கட்டினார், தொட்டிக்குள் தண்ணீர் கொட்டுகிற அதே இரும்புக் குழாயில். பல்பை ஊறுகாய் பாட்டிலுக்குள் வைத்து, மூடியைப் பசை போட்டு அடைத்து, நீலத் தாள் சுற்றித் தண்ணீரில் இறக்கினார்.

வெளிச்சம் மங்கலாக இருந்தது. குழாய் மண்ணில் இறங்கும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. மகள் கைதட்டினாள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர் மாதிரி.

“பாசி வழுக்கும்டி. தவளை இருக்கும். தவளை இருந்தா பாம்பும் வரும். இப்பதானே சாப்ட்ட?” என்றேன்.

“இன்னாம்மா நீ, எப்பப் பாரு டென்ஷன்.”

“உங்கம்மா பக்கெட்டுல குளிக்கக்கூட நீச்சல் தெரியணும்னு சொல்றவ. நீ எறங்கு” என்றார் அவர்.

துண்டு எடுத்து வரும்வரை இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன். முணுமுணுத்தபடி தொட்டிச் சுவர்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாசிக்குப் பயந்தேன், பாம்புக்குப் பயந்தேன், சளிக்குப் பயந்தேன். கரண்ட்டுக்கு மட்டும் பயப்படவில்லை.

நான் துண்டோடு திரும்பியபோது எங்கள் ஆடு குழாயடியில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க வந்தது. எதிலும் முதலில் வாய் வைப்பது அதுதான். மூக்கு குழாயில் பட்டது. கத்திக்கொண்டே எகிறி, விழுந்து, எழுந்து ஓடியது.

“பாரு, ஆட்டுக்கு லைட்டப் பார்த்து பயம்” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. துண்டைப் பார்த்ததும் மகள் ஒரு காலைத் தண்ணீரை நோக்கி நீட்டியிருந்தாள்.

“கால எடுறீ!”

இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொன்னது அன்றுதான். அவள் மிரண்டு வெளிப்பக்கம் குதித்தாள். அவர் கொட்டகைக்கு ஓடி ப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கினார்.

பிடுங்கிய கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தார். “கோடையில மண்ணு காஞ்சி கெடக்குது. பூமிக்குள்ள எறங்காத கரண்ட்டு கொழாயிலயும் தண்ணியிலயும் நின்னுட்டிருக்குது” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் மகளின் ஈரமாகாத தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது தொட்டிக்குள் எதுவும் இல்லை. எட்டாத தூரத்தில் ஒரு கம்பத்தில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி விளக்கு. பேட்டரி கொட்டகையில் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது யாரும் குளிக்கக் கூடாது. நீலமும் இல்லை, சாதாரண வெள்ளைதான்.

ஆனாலும் தொட்டியில் இறங்கும் முன் தினமும் ஒரு சடங்கு நடக்கிறது. மகள் சுவர்மேல் கைகட்டி நிற்பாள். “அம்மா, உன் இன்ஸ்பெக்டர் வந்துச்சா?” என்பாள். நான் துண்டை உதறுவேன். கம்பத்தடியில் நிற்கும் அவர்தான், எதுவும் தெரியாதவர் மாதிரி குழாய்ப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

“இரும்மா. ஆடு இன்னும் தண்ணி குடிக்கல.”