அம்மாவின் பட்டிச் சீலை

முருங்கன் ஊருக்கு அப்பால் எங்கள் வீட்டில் மனிதரைவிட மாடுகளுக்குத்தான் மரியாதை. மாட்டுப் பட்டி அம்மாவின் பாட்டன் காலத்தில் தொடங்கியது. பிறகு அம்மாவின் தகப்பனுக்கு வந்து, சீதனமாக அம்மாவின் கைக்கு வந்தது. அம்மாவின் பெயர் அன்னப்பிள்ளை. ஆண்கள் மேய்ப்பார்கள், பெண்கள் கறப்பார்கள் என்பது வீட்டு வழக்கம். நான் ஒருத்திதான் விலக்கு. மாடு தலையை ஆட்டினாலே நான் வேலிக்கு வெளியே ஓடிவிடுவேன். "பெற்றிசியாவை கந்தோரிலை பேனை பிடிக்கிற ஒருத்தனுக்குத்தான் கட்டிக் குடுக்கவேணும்" என்று அம்மா என்னைக் கைகழுவி விட்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணன் கிறகரி பேசாலையிலிருந்து செலீனாவைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுடைய ஆட்கள் எல்லாரும் கடல் தொழில். சமையல், கிணற்றடி எல்லாம் அவள் பொறுப்பில் வந்தது. பட்டிக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது.

"உன்னிலை மீன் மணக்குது. மாடு பால் விடாது" என்றார் அம்மா, முகத்துக்கு நேரே.

மீன் மணமாம்! வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் குழம்பு கேட்பவர் அவர்தான்.

எங்கள் வீட்டில் பட்டிக்குள் போகாதவர் விருந்தாளி. நான் கட்டிக்கொண்டு வெளியே போகிறவள், எனக்குப் பரவாயில்லை. வாழ வந்தவள் எத்தனை நாளைக்கு விருந்தாளியாக இருப்பாள்? செலீனா இரண்டு வருடம் இருந்தாள். கிணற்றடியில் அழுதுவிட்டு முகம் கழுவுவதை நான் கண்டிருக்கிறேன்.

கறக்கப் போகும்போது அம்மா ஒரு பழைய சீலையை மேலால் சுற்றிக்கொள்வார். அதுதான் பட்டிச் சீலை. வேலியில் தொங்கும், சவர்க்காரம் போட்டுத் தோய்த்ததே இல்லை. மற்றவர்கள் மாட்டுக்குப் பாட்டுப் படித்துக் கறப்பார்கள். அம்மா ஏசிக் கறப்பார், அதுவும் மாட்டை அல்ல, செலீனாவை.

"பேசாலையிலையிருந்து வந்து இறங்கிட்டா மகாராணி. மாட்டுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது எண்டு தெரியாது..."

அந்த ராகத்தில் மாடுகள் கண்ணை மூடி அசைபோடும். பாலும் தாராளமாகச் சுரக்கும்.

ஒரு மாரியில் அம்மாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அண்ணன் கறக்கப் போனான். புதிதாகக் கன்று போட்டிருந்த செவலைப் பசு அவனை உதைத்து வாளியையும் கவிழ்த்தது. மறுநாள் அதன் மடி கல்லாக இறுகத் தொடங்கியது. அப்படியே விட்டால் மடி பழுதாகிவிடும், பிறகு பசு இறைச்சிக்குத்தான்.

செலீனா என்னிடம் வந்தாள். "மீன் மணக்குது எண்டு மாமிதானே சொன்னவ. அப்ப மாமியின்ரை மணம் இருந்தாப் போதுந்தானே, மச்சாள்?"

பட்டிச் சீலையைச் சுற்றிக்கொண்டு போய்க் குந்தினாள். செவலை அவளை முகர்ந்து பார்த்தது, உதைக்கவில்லை. ஆனால் பாலும் விடவில்லை. கன்றை முட்டவிட்டும் சொட்டுக்கூட வரவில்லை. அப்போதுதான் செலீனா அம்மாவின் குரலில் தொடங்கினாள்.

"பேசாலையிலையிருந்து வந்து இறங்கிட்டா மகாராணி..."

வேலிக்கு வெளியே நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவள் ஒரு சொல்லும் தவறவிடவில்லை. இவ்வளவு நாளும் அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது என்று விளங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. செவலை பாலை விட்டது.

ஒவ்வொரு நாளும் கறந்து முடித்துவிட்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனவளும் அவள்தான்.

அம்மா மெலிந்துபோய் வீட்டுக்கு வந்தார். மறுநாள் விடியவே பட்டிக்குப் போய், சீலையைச் சுற்றிக்கொண்டு செவலையின் கீழ் குந்தினார். பசு பேசாமல் நின்றது. அம்மாவும் பேசாமல் இருந்தார். பால் வரவில்லை.

"ஏசுங்கோ மாமி" என்றாள் வேலியடியில் நின்ற செலீனா. "ஏசினாத்தான் விடும்."

"ஆரை?"

"என்னைத்தான். எப்பவும் ஏசுற மாதிரி."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "பேசாலையிலையிருந்து..." என்று தொடங்கியவர் அத்தோடு நிறுத்தினார். எழும்பி வந்து சீலையைக் கழற்றிச் செலீனாவின் தோளில் போட்டார்.

"எனக்கு ஏலாது. நீயே போய்க் கற."

செலீனா போய்க் குந்தினாள். வழக்கம்போல, "பேசாலையிலையிருந்து வந்து இறங்கிட்டா மகாராணி..." என்று தொடங்கினாள். வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"காணும் பிள்ளை, நிப்பாட்டு" என்றார். "என்ரை மருமகளை ஏசாதை."