சேந்தன் பார்த்த முழு ஆட்டம்

சேந்தன் சோதிலிங்கம் பொறாமைக்காரர் என்று அவருடைய அயலவர் எவரும் சொல்லமாட்டார்கள். ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தின் அடுக்குமாடிகளில் மின்தூக்கி இடைநடுவில் நின்றுவிட்டால், கருவிப் பெட்டியோடு முதலில் வந்து நிற்பவர் அவர்தாம். உள்ளே அகப்பட்டவர்களோடு கதவுக்கு வெளியே நின்று கதைத்துக்கொண்டே வேலையை முடிப்பார். ஆனால் எவராவது நிருஜனின் பெயரைச் சொல்லிவிட்டால் திருகாணியைச் சுழற்றும் கை அரைக்கணம் நிற்கும்.

நிருஜன் அவருடைய தாய்மாமனின் மகன்; இரண்டு வயது இளையவர். வட இங்கிலாந்தில் எட்டு ஆண்டுகள் தொழில்முறை றக்பி லீக் ஆடியவர். அந்த எட்டு ஆண்டுகளும் நியாயப்படி தமக்கு உரியவை என்று சேந்தன் நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கையை விளங்கிக்கொள்ள ஆட்டத்தைச் சிறிது அறிய வேண்டும். அணிக்குப் பதின்மூவர். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் வைத்தால் அது ‘ட்ரை’, நான்கு புள்ளிகள். ஒஸ்லோக் கழகமொன்றின் இடப்பக்க ஓரத்தில் நிருஜன் ஆடினார். அவருக்கு உட்புறமாகச் சேந்தன் ஆடினார். தடுக்க வருபவரைத் தம்மிடம் இழுத்து, அவர் வந்து மோதும் கணத்திலே பந்தை வெளியே கொடுப்பது சேந்தனின் பணி. ஆளற்ற புல்தரையில் ஓடிப் பந்தை வைப்பது நிருஜனின் பணி. அடி ஒருவருக்கு விழுந்தது. கைதட்டல் மற்றவருக்கு விழுந்தது.

இதனைப் படமெடுத்தவர் சேந்தனின் தந்தையார் சோதிலிங்கம். கிழமை நாள்களில் அவர் அஞ்சல் நிலையத்தில் பொதிகளைப் பிரித்தார்; சனி, ஞாயிறுகளில் தமிழர் திருமணங்களைப் படமெடுத்தார். ஆட்டத்தையும் அவர் திருமணம் போலவே எடுத்தார். பந்து நிலத்தைத் தொடும் கணம் அவருடைய கமெராவுக்கு முகூர்த்தம்.

“அப்பா, நான் குடுத்த பந்து எங்கை? படத்திலை அவன் மட்டும்தானே நிக்கிறான்?” என்று சேந்தன் ஒருமுறை கேட்டார்.

“தாலி ஏறேக்கை பந்தலைப் படமெடுக்கிறவன் கமெராக்காரனோடா?” என்றார் தந்தையார்.

2015ஆம் ஆண்டு கோடையில், நாதசுர இசையும் மெதுவோட்டக் காட்சிகளும் கலந்து தந்தையார் தொகுத்த படம் இங்கிலாந்துக் கழகமொன்றுக்கு அனுப்பப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் அக்கழகத்தின் தேர்வாளர் ஒருவர் ஒஸ்லோவுக்கு வந்து, இருவரும் ஆடிய ஓர் ஆட்டத்தை நேரிற் பார்த்தார். நிருஜனை மட்டும் எடுத்தார். படத்தைப் பார்த்தே அவர் முடிவு செய்துவிட்டு வந்தார் என்பது சேந்தனின் தீர்ப்பு. தந்தையாரோடு ஆறு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

அதன் பின்னர் நிருஜன் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் அவர் கைப்பேசியிற் பார்த்தார். முதலாம் பருவத்தில் நிருஜனுக்கு மூன்றே ஆட்டங்கள் கிடைத்தன. சேந்தன் நன்றாக உறங்கினார். இரண்டாம் பருவத்தில் பதினொரு ட்ரைகள். சேந்தன் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதை நிறுத்தினார். 2019இல் நிருஜனின் தோள்மூட்டு விலகியது. செய்தியைப் படித்தவுடன் நெஞ்சில் ஏதோ இளகியதென்றும், அதற்குப் பிறகே “கெதியாச் சுகமாகு மச்சான்” என்று எழுதியனுப்பினாரென்றும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். அடுத்த இரு பருவங்கள் நிருஜன் கீழ்ப்பிரிவுக் கழகமொன்றுக்கு இரவலாகக் கொடுக்கப்பட்டார், மீண்டு வந்தார், 2023இல் ஓய்வு பெற்றார். நூற்றிரண்டு ஆட்டங்கள், நாற்பத்தேழு ட்ரைகள். இந்த எண்களை நிருஜன் மறந்தாலும் சேந்தன் மறவார்.

திருமண வீடுகளில் அவருக்கு வேறொரு தண்டனையும் இருந்தது.

“தம்பி, நீரும் எங்கடை நிருஜனோடை விளையாடினனீர்தானே?”

“ஓம் அங்கிள்.”

“பிறகேன் விட்டனீர்?”

இந்தக் கேள்விக்கு எல்லோர் முன்னிலையிலும் விடை சொல்லும் வாய்ப்பு 2024 ஏப்ரலில் வந்தது. ஒஸ்லோவுக்குத் திரும்பிய நிருஜனுக்கு மதிப்பளிப்பு விழா எடுக்கத் தமிழர் விளையாட்டுக் கழகம் முடிவு செய்தது. கழகச் செயலாளர் இரத்தினவேல், பத்து நிமிடப் படமொன்றைத் தொகுத்துத் தருமாறு சேந்தனையே கேட்டார்.

“நீதான்ரா பொருத்தமான ஆள். அவன்ரை விளையாட்டு உனக்குத்தான் தெரியும்” என்றார்.

சேந்தன் உடனே உடன்பட்டார். ஒவ்வொரு ட்ரைக்கும் முன்னாலிருந்த தம்முடைய கையை மண்டபம் முழுவதும் காணச் செய்வதென்று அவர் மனத்துள் முடிவெடுத்திருந்தார். நிருஜனைக் கொண்டாடும் படத்திலேயே, போயிருக்க வேண்டியவர் யார் என்பதை ஊர் அறியட்டும்.

தந்தையாரிடம் பழைய பதிவுகளைக் கேட்டபோதுதான் இரண்டாவது கமெராவைப் பற்றிய செய்தி வெளிவந்தது. “மேலை, படிக்கட்டு உச்சியிலை ஒண்டு பூட்டிவிட்டனான். முழு மைதானமும் விழும். ஆனா ஆக்கள் எறும்பு மாதிரி, ஒருத்தரையும் மட்டுக்கட்டேலாது. அதாலை நான் பாவிக்கேல்லை” என்றார் சோதிலிங்கம்.

ஒரு ஞாயிறு காலை சேந்தன், தேர்வாளர் வந்திருந்த அந்த ஆட்டத்தை முதலில் ஓடவிட்டார். மேலிருந்து ஆட்கள் நின்ற இடங்கள் யாவும் தெளிவாகத் தெரிந்தன. பன்னிரண்டாம் நிமிடம்: பந்து அவரிடம். வெளியே நிருஜன் கையை உயர்த்தி நிற்கிறார். அவரைச் சுற்றிப் பத்து மீற்றருக்கு எவருமில்லை. சேந்தன் பந்தைக் கொடுக்கவில்லை. நேரே போய் மோதி விழுந்தார். முப்பத்தோராம் நிமிடமும் அவ்வாறே. ஐம்பத்தெட்டாம் நிமிடத்தில், எல்லைக்கோட்டை நெருங்கியும், அவ்வாறே.

நிருஜனைத் தடுக்க ஓர் ஆள் பக்கத்தில் நின்றான் என்றே அவர் ஒன்பது ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்தார். அப்படியோர் ஆள் அங்கே இல்லை.

மனைவி ஆரபி தேநீரோடு வந்தார். “என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கிறியள்?”

“நான் குடுக்கேல்லை ஆரபி. மூண்டு தரம்.”

ஆரபி திரையைப் பார்த்தார். அவருக்கு ஆட்டம் தெரியாது. ஆயினும் தனித்து நின்ற ஒருவரின் உயர்ந்த கை எவருக்கும் விளங்கும். “இவ்வளவு காலமும் மாமாவையும் அவரின்ரை கமெராவையும் திட்டினியள். இனி ஆரைத் திட்டப்போறியள்?”

அன்று பிற்பகலே சேந்தன் கணினியைத் தூக்கிக்கொண்டு நிருஜன் குடியிருந்த ஹவுகெட்டோவுக்குப் போனார். நிருஜன் குசினி மேசையருகே அமர்ந்து, தோளில் பனிக்கட்டிப் பையை வைத்தபடி, அந்த மூன்று காட்சிகளையும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“மூண்டில்லை மச்சான், நாலு. தொடக்கத்திலை ஒண்டு இருக்கு, வடிவாப் பார்.”

“உனக்குத் தெரியுமோ?”

“கை உயர்த்தி நிண்டவன் நான்தானே! மட்ச் முடிய அந்த இங்கிலாந்து ஆள் என்னட்டைக் கேட்டவர், அந்தப் பொடியன் உனக்கு ஏன் பந்து தரேல்லை எண்டு. எனக்குக் காலிலை பிடிப்பு, தரவேண்டாம் எண்டு நான்தான் கத்தினனான் எண்டு சொன்னனான்.”

“ஏன்ரா பொய் சொன்னனீ?”

“உன்னையும் எடுப்பினம் எண்டுதான். தனியப் போக எனக்குப் பயமா இருந்தது. அவர் நம்பேல்லை. அங்கை போனாப் பிறகு, எனக்கு உள்ளுக்கை ஒரு வெள்ளைக்காரன் விளையாடினவன். அவனும் தரான். சரி, இவனும் எங்கடை சேந்தன் மாதிரித்தான் எண்டு நினைச்சுச் சிரிப்பன்.”

சேந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தேழு ட்ரைகளைப் பார்த்துப் பொறாமைப்படுவது அவருக்குப் பழகிப்போன வேலை. தம்மைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்ன மனத்தைப் பார்த்து எழுந்த பொறாமை புதியது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. தேநீர் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு, பாடசாலை மண்டபமொன்றில் விழா நடந்தது. சேந்தன் தொகுத்த படத்தில் அவர் கொடுத்த பந்துகள் இருந்தன. அவற்றால் விளைந்த ட்ரைகளும் இருந்தன. அவற்றுக்கு நடுவே ஐம்பத்தெட்டாம் நிமிடமும் இருந்தது. அதை அவர் வெட்டவுமில்லை, விரைவுபடுத்தவுமில்லை.

முன்வரிசையிலிருந்து இரத்தினவேலின் குரல் எழுந்தது. “உந்தப் பொடியன் ஏன் பந்தைக் குடுக்கேல்லை? ஓரத்திலை எங்கடை நிருஜன் சும்மா நிக்கிறானே! ஆரது?”

“நான்தான் அங்கிள்” என்றார் கணினியின் அருகில் நின்ற சேந்தன்.

“ஏன்ரா குடுக்கேல்லை?”

“எரிச்சல்.”

பின்வரிசைப் பெண்கள் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முன்னோக்கிப் பரவியது. சோதிலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கதிரையில் திரும்பி மகனை நெடுநேரம் பார்த்தார். பிறகு மீண்டும் திரைக்குத் திரும்பினார்.

திரையில் இப்போது இங்கிலாந்து, மழை. நிருஜன் பந்தை வாங்கி ஓரமாக ஓடினார், இருவரைக் கடந்தார், மூன்றாமவர் எட்டிப் பிடிக்குமுன் கோட்டைக் கடந்தார். தொகுத்த நாள்களில் சேந்தன் இக்காட்சியை இருபது தடவைக்கு மேல் பார்த்திருந்தார். அந்த வேகம் தமக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பதை, கை தட்டிக்கொண்டிருந்த இருநூறு பேர் நடுவே நின்றபோதுதான் அவர் கண்டார். மிகவும் எரிந்தது. படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டார்.